பாலத்துக்கு அப்பால் ஒரு பாட்டி



"டீச்சர், டைனோசர் பேராக் மனிதனைத் துரத்துச்சா?"

ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளி. நான்காம் ஆண்டு வகுப்பு. பேராக்கின் ஒரு குகையில் கிடைத்த கற்கால எலும்புக்கூட்டைத்தான் பேராக் மனிதன் என்கிறோம். கேள்வி கேட்ட பையனின் பென்சில் பெட்டிமேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் டைனோசர் நின்றுகொண்டிருந்தது. வாலில் பாதி இல்லை. தம்பி கடித்துவிட்டானாம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கும் அதே சந்தேகம் இருந்தது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அந்த ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. "நல்ல கேள்வி ஐயா. நாளைக்கு எல்லாரும் வெளியே போய் அளந்து பார்ப்போம்" என்றார். மறுநாள் நானும் போனேன். அந்தக் காலை வேளையைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் இந்த இதழை அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

நம் நாட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு ஒரு தனிப் பாடமாக நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது. 2014 முதல் அது கட்டாயப் பாடம். மன்னர்களுக்கும் மலாக்காவுக்கும் முன்னால் பிள்ளைகள் சந்திப்பது பனிக்காலத்தையும் கற்காலத்தையும்தான். பாடநூல் மலாய் மொழியில். வரலாற்றுக்கு முந்தைய காலத்தை 'ஸமான் பிராசெஜாரா' என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். தேர்வில் எழுதவும் செய்வார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் அதைச் சொல்ல வேண்டுமென்றால் வார்த்தை வராது. இந்த ஆசிரியை செய்தது என்னவென்றால், ஒரு தவணை முழுவதையும் அந்தக் காலத்துக்கே கொடுத்துவிட்டார். கணிதத்தில் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தார்கள். ஓவியத்தில் குகைச்சுவர் வரைந்தார்கள். கைவேலையில் களிமண் பானை பிடித்தார்கள். தமிழ் வகுப்பில் பழங்கற்காலம், புதிய கற்காலம், புதைபடிவம் என்று சொற்களைச் சேர்த்துச் சுவரில் ஒட்டினார்கள். வரலாற்று வகுப்பில் மலாயில் படித்ததைத் தமிழ் வகுப்பில் கதையாகச் சொன்னார்கள். பாடத்திட்டத்தில் ஒரு வரியையும் விடவில்லை. பாடங்களுக்கு நடுவே இருந்த சுவர்களை மட்டும் எடுத்துவிட்டார்.

அளந்து பார்த்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆசிரியை கையில் பட்டம் விடும் நூல் உருண்டை ஒன்று. கணக்கு இதுதான்: ஒரு மில்லிமீட்டர் என்றால் ஆயிரம் ஆண்டு. அடிக்கோலில் இருக்கும் மிகச் சிறிய கோட்டிடைவெளிக்குள் ஆயிரம் ஆண்டு அடங்கிவிட்டது. வகுப்பறை வாசற்படிதான் 'இன்று'. அங்கே நூலின் முனையைக் கட்டினார்கள். முதல் அடையாளம் ஜார்ஜ் டவுன். பிரான்சிஸ் லைட் இங்கே வந்திறங்கியது 1786. நூலில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நாம் தினமும் பெருமையோடு பேசுகிற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மகா மாரியம்மன் கோயில், கொத்தளம், கோட்டை எல்லாம் நூல் முடிச்சுக்குள்ளேயே மறைந்துவிட்டன. பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

அடுத்து, நம் மாநிலத்து மண்ணில் கிடைத்த கற்கால எலும்புக்கூடான பினாங்குப் பெண். ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிவப்பு நூல் கட்டினார்கள். பேராக் மனிதன் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மஞ்சள் நூல். சரவாக்கின் நியா குகையில் 1958இல் கிடைத்த மண்டை ஓடு நான்கு சென்டிமீட்டர். சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தது 74,000 ஆண்டுக்கு முன்னால். ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. பேராக்கில் லெங்கோங் பக்கத்திலுள்ள புக்கிட் புனுவில் கிடைத்த கல் கோடாரிக்கு நம் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்த வயது 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு. அந்த வயதை ஏற்கத் தயங்கும் அறிஞர்களும் உண்டு என்பதை ஆசிரியை மறைக்காமல் சொன்னார். நூலில் அது ஒரு மீட்டர் 83 சென்டிமீட்டர். "டீச்சரை விட உயரம்!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தினாள். அதுவரைக்கும் எல்லாம் வகுப்பறை வாசலிலேயே நடந்து முடிந்துவிட்டது.

பிறகு நடக்கத் தொடங்கினார்கள். நடைபாதை முடிந்தது. சிற்றுண்டிச்சாலை தாண்டியது. திடலில் இறங்கினார்கள். நூல் உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. வெயில் ஏறிவிட்டது. அறுபத்தாறாவது மீட்டரில் ஆசிரியை நின்றார். "இங்கேதான் கடைசி டைனோசர் செத்துப்போச்சு" என்றார். கேள்வி கேட்ட பையன் திரும்பி வகுப்பறை வாசலைப் பார்த்தான். அங்கே மஞ்சள் நூலும் சிவப்பு நூலும் கண்ணுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "துரத்தியிருக்கவே முடியாது டீச்சர்" என்றான்.

ஆறு கோடியே அறுபது லட்சம் என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் அவன் நகலெடுத்திருப்பான். காலால் நடந்து பார்த்ததால் அவனே சொன்னான்.

டைனோசரை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுத்து வருவதே அதுதான். நம் நாட்டிலும் டைனோசர் இருந்திருக்கிறது என்பது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை 2014 பிப்ரவரியில் மலாயாப் பல்கலைக்கழகத்தினர் உலகுக்கு அறிவித்தார்கள். மீன் தின்னும் ஸ்பைனோசார் இனத்தின் பல். நீளம் 23 மில்லிமீட்டர். குறைந்தது ஏழரைக் கோடி ஆண்டு பழமை என்றார்கள். கண்டெடுத்த இடத்தைக் களவு போகாமல் காக்க அப்போது வெளியே சொல்லவில்லை. நூலில் அந்தப் பல்லுக்கு இன்னும் ஒன்பது மீட்டர் போக வேண்டியிருந்தது. பள்ளி வாசல் கதவு வரைக்கும் போய்க் காவலாளி அண்ணனிடம் நூல் முனையைப் பிடிக்கக் கொடுத்தார்கள். அவரும் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் என் மனத்தில் தங்கியது அந்தச் சிவப்பு நூல்தான்.

பினாங்குப் பாலத்தைத் தாண்டி, பட்டர்வொர்த்தைத் தாண்டி வடக்கே கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்துக்குப் போனால், மூடா ஆற்றின் பக்கம் குவார் கெப்பா என்று ஒரு கிராமம். ஆற்றுக்கு அந்தக் கரை கெடா. கெப்பா என்றால் மலாயில் ஒருவகைச் சிப்பி. குவார் என்றால் மேடு. சிப்பி மேடு என்று ஊர்ப்பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது. கற்கால மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி பொறுக்கித் தின்று, ஓட்டை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே வந்தார்கள். அது மேடானது. இறந்தவர்களை அந்த மேட்டிலேயே புதைத்தார்கள். 1860 வாக்கில் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்த மேடுகளைப் பார்த்து எழுதினார். சுண்ணாம்பு சுடுவதற்காக மக்கள் அந்த ஓடுகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது.

சுண்ணாம்பு என்று ஆசிரியை சொன்னதும் ஒரு பையன் எழுந்தான். "எங்க பாட்டி வெத்தலையில தடவுவாங்களே, அதா டீச்சர்?" அதேதான். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் வருகிற அதே சுண்ணாம்பு. ஜார்ஜ் டவுனின் பழைய வீட்டுச் சுவர்களில் கையை வைத்தாலும் சுண்ணாம்புதான். கற்கால மனிதன் தின்று போட்ட சிப்பி எந்த வீட்டுச் சுவருக்குள் இருக்கிறதோ என்று அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் வீட்டிலிருந்து சிப்பி கொண்டுவந்திருந்தார்கள். சந்தையில் வாங்கிய கெராங், லாலா, கடற்கரையில் பொறுக்கியவை. கோய் தியோவில் போடும் கெராங்கை அம்மா கழுவித் தந்தாராம். பையைத் திறந்ததும் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டது. இருபத்தேழு பிள்ளைகள் கொண்டுவந்த ஓட்டையெல்லாம் ஒரு மூலையில் குவித்தார்கள். முழங்கால் உயரம்கூட வரவில்லை. "இவ்வளவு சாப்பிட்டும் இவ்வளவுதானா? அப்போ மேடு வர எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாங்க?" என்று ஆசிரியை கேட்டார். ஒரு பெண்பிள்ளை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, "ரொம்பப் பேர், ரொம்ப நாள்" என்றாள். தொல்லியல் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

1934இல் வான் ஸ்டைன் கல்லன்ஃபெல்ஸ் என்ற டச்சுத் தொல்லியலாளர் குவார் கெப்பாவைத் தோண்டினார். மிகப் பெரிய உடம்பும் பெரிய தாடியுமாக இருந்தவர். அவர் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் 'தாடித் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே கிடைத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. லைடன் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வரலாறு படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். முதலாம் இராசராசன் காலத்துக் கொடையைப் பேசும் ஆனைமங்கலச் செப்பேடுகளும் அதே லைடனுக்குத்தான் போயின. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்குச் சோழ மன்னன் ஊர் கொடுத்த செய்தி அந்தச் செப்பேட்டில் இருக்கிறது. கடாரம் என்பது கெடாதான். மூடா ஆற்றின் இந்தக் கரை எலும்பும், அந்தக் கரை மன்னனின் பெயர் சொல்லும் செப்பேடும் எங்கோ ஒரு ஐரோப்பிய ஊரில் போய்ச் சந்தித்துக்கொண்டன. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய வயது இன்னும் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

எல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்த குவார் கெப்பாவில்தான் 2017 ஏப்ரலில் அந்தச் சிவப்பு நூல் பெண் கிடைத்தார். அங்கே ஒரு தொல்லியல் காட்சிக்கூடம் கட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. மண்ணை எடுத்தபோது எலும்புக்கூடு தெரிந்தது. கைகளை மடக்கி வைத்துப் புதைத்திருந்தார்கள். சுற்றிலும் பானைகள், கல் கருவிகள், சிப்பிகள். வயது சுமார் 5,700 ஆண்டு என்று ஆய்வில் தெரியவந்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். இந்த வகுப்பில் அவருக்குப் பெயர் 'குவார் கெப்பா பாட்டி'.

அவர் நம் குருதிவழி முன்னோர் அல்லர். ஆசிரியை அதைத் தெளிவாகவே சொன்னார். ஆனால் நம் பிள்ளைகள் வளரும் மாநிலத்தில், நாம் தின்னும் அதே சிப்பியைத் தின்று, நாம் நனையும் அதே மழையில் நனைந்து வாழ்ந்த மூத்தவர். பாட்டி என்று அழைக்க அது போதாதா? ஒரு பெண்பிள்ளை, "பாட்டியைப் புதைக்கிறப்போ யாரு பானை வெச்சாங்க? அவங்க பேத்தியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் பதில் இல்லை. கேள்வி பிறந்ததே போதும்.

பேராக் மனிதனைப் பற்றிய பாடம் இன்னும் ஆழமாகப் போனது. குனோங் ருந்து குகையில் பேராசிரியர் ஜுரைனா மஜீத் தலைமையிலான குழு 1990களின் தொடக்கத்தில் கண்டெடுத்த எலும்புக்கூடு அது. பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் பழமை. உயரம் 157 சென்டிமீட்டர். இறக்கும்போது நாற்பதைத் தாண்டிய வயது. கால்களை மார்போடு மடக்கி, தாய் வயிற்றில் குழந்தை இருப்பதுபோல் படுக்க வைத்து, ஆற்று நத்தைகளும் விலங்கு இறைச்சியும் கல் கருவிகளும் உடன் வைத்துப் புதைத்திருந்தார்கள். இதில் முக்கியமான ஒன்று உண்டு. அவருடைய இடது கை பிறவியிலேயே குறைபாடுள்ளது. விரல் எலும்புகள் குட்டை.

ஆசிரியை பிள்ளைகளை இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒற்றைக் கையால் காலணிக் கயிற்றைக் கட்டச் சொன்னார். ஐந்து நிமிடம் போராடினார்கள். ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் ஒரு பையன் பக்கத்து மேசைப் பையனுக்குக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தான். "டீச்சர், அவன் ஹெல்ப் பண்றான்!" என்று புகார் வந்தது. ஆசிரியை சிரித்துக்கொண்டே, "பேராக் மனிதன் நாப்பது வயசு வரைக்கும் எப்படி உயிரோட இருந்தாரு? காட்டுல, குகையில, ஒரு கையோட?" என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது. "யாராவது பிடிச்சுக் கொடுத்திருப்பாங்க" என்றது ஒரு சின்னக் குரல். அந்த வகுப்பில் கற்றலில் பின்தங்கிய பிள்ளை ஒருவன் இருக்கிறான். அன்று இடைவேளையில் அவன் தனியாகச் சாப்பிடவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

கற்காலச் சுவடு தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கே போகும் குடும்பங்கள் நம்மில் நிறைய. கோயில்களுக்குப் போகிறோம், துணி எடுக்கிறோம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் பக்கத்திலேயே பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை அடையாளம் கண்ட இடம் அது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் பின்னர் அங்கே செய்த ஆய்வில் அந்தக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளிவந்தது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது, பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் காடெல்லாம் ஒருகாலத்தில் கடல். அங்கே சுருண்ட ஓட்டு உயிரிகளின் படிவம் கிடைக்கிறது. நம் பூசையறையில் இருக்கும் சாளக்கிராமமும் அப்படி ஒரு கடலுயிரின் படிவம்தான், கண்டகி ஆற்றிலிருந்து வந்தது. இதை ஒரு பிள்ளையிடம் சொன்னபோது, "அப்போ எங்க அம்மா தினமும் பாசிலுக்குப் பூ வைக்கிறாங்களா?" என்று கண்ணை விரித்தது. ஆமாம் கண்ணா. பத்துக் கோடி ஆண்டுக் கணக்கில் பேசுகிற ஒரு கல் உன் வீட்டிலேயே இருக்கிறது.

தோபா எரிமலையின் சாம்பலும் அப்படித்தான். லெங்கோங்கின் கோத்தா தம்பானில் கல் கருவி செய்தவர்களின் பட்டறைமேல் விழுந்த அதே சாம்பல், கடல் கடந்து ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் படிந்திருக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி இங்கே வருவதற்கு 74,000 ஆண்டுக்கு முன்பே இரண்டு மண்ணையும் ஒரே சாம்பல் மூடியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த நாடும் சொந்தம், அந்த நாட்டுத் தொடர்பும் சொந்தம் என்று எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறோம். ஒரு பிடி சாம்பல் அதை எளிதாகச் சொல்லிவிடுகிறது.

சில பெற்றோர் ஆசிரியையிடம், "இதெல்லாம் தேர்வுக்கு வருமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பது தவறில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு அந்தக் கவலை எப்போதும் உண்டு. வரும் என்பதே பதில். நான்காம் ஆண்டு வரலாற்றில் கற்காலம் இருக்கிறது. ஆனால் தேர்வுக்கு வராவிட்டாலும் நான் இதைத்தான் விரும்புவேன். பினாங்கில் 28 தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நூல் உருண்டை வாங்க முடியும். சிப்பிக்குக் காசே வேண்டாம். களிமண்ணுக்கும் பெரிய செலவில்லை. வேண்டியது, பிள்ளையின் கேள்விக்கு 'நாளைக்கு அளந்து பார்ப்போம்' என்று சொல்லும் மனசுதான். மேல்நாட்டுப் படங்களில் வரும் டைனோசரின் பெயரை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைக்கு, தன் மாநிலத்தின் மிக மூத்த மனுஷி எங்கே படுத்திருந்தார் என்று தெரியாமல் போனால் அது பிள்ளையின் குறை அல்ல. நாம் சொல்லவில்லை.

தவணைக் கடைசி நாளில் பிள்ளைகள் தாங்கள் செய்த பானைகளை வெயிலில் வைத்திருந்தார்கள். பாதி வெடித்துப் போயிருந்தது. ஒருத்தி மட்டும் தன் பானைக்குள் ஒரு கெராங் ஓட்டைப் போட்டு, மேலே இலை மூடி, ஓரமாகத் தனியே வைத்திருந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன். "பாட்டிக்கு" என்றாள்.

ஜார்ஜ் டவுன் 2008இலும் லெங்கோங் 2012இலும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவே காரில் சில மணி நேரப் பயணம்தான். குவார் கெப்பா அதைவிடப் பக்கம். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். காட்சிக்கூடம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒருநாள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். தாத்தா பாட்டி கூட வந்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் பிள்ளை கேட்ட கேள்விகளை அதன் கையெழுத்திலேயே எழுதி எங்களுக்கு அனுப்பி வையுங்கள். பதில் தெரிந்தவற்றுக்குப் பதிலோடும், தெரியாதவற்றைக் கேள்வியாகவும் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்